பூட்டுக்கு எது எல்லை

தம்பி வெளிநாட்டில், பூட்டிய அறைக்குள் தீப்பிடித்துச் செத்தான். வெளியே பூட்டுப் போட்டவர் மேஸ்திரி. ஆட்கள் வேறு வேலைக்கு ஓடிவிடுவார்களாம்! அந்த ஊர்ப் போலீஸ் தேடுவதற்குள் மனுஷர் விமானம் ஏறி இங்கே வந்துவிட்டார். வந்தவர் மூலையில் முடங்கினாரா? பக்கத்துத் தெருவிலேயே தையல் கம்பெனி திறந்து, வாசலில் நின்று போவோர் வருவோரையெல்லாம் கும்பிட்டார். அக்காவுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஸ்டேஷனுக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

"அது அங்க நடந்ததும்மா. எங்க எல்லைக்குள்ள வராது," என்றார் இன்ஸ்பெக்டர், டீயை ஆற்றிக்கொண்டே.

"நம்ம நாட்டு ஆளு எங்க போய்த் தப்பு பண்ணினாலும் இங்க கேஸ் போடலாம்னு வக்கீல் சொல்றாரே, சார்?"

"சட்டம் சொல்லும். சாட்சி யாரு சொல்றது? ஜன்னல் வழியாக் குதிச்சுத் தப்பிச்ச ஒரே ஆளும் அங்க ஆஸ்பத்திரியில பேச்சில்லாம கிடக்கான். போங்கம்மா, போய் வேலையப் பாருங்க."

நல்ல நியாயம்! பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தியதும் செய்த பாவம் அங்கேயே இறங்கிக்கொள்ளுமாக்கும்.

திரும்புகிற வழியில் தையல் கம்பெனியைப் பார்த்தாள். உள்ளே மிஷின் ஓடுகிற சத்தம். வெளியே கதவில் பெரிய பூட்டு. வந்த வழியே ஓடினாள்.

"பொம்பளப் பிள்ளைங்கள உள்ள வச்சுப் பூட்டியிருக்கான், சார். இது உங்க எல்லைதானே?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு ஜீப்பை எடுத்தார்.

ஜீப்பைக் கண்டு வாசலுக்கு ஓடிவந்த மேஸ்திரி, இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டே அசடு வழிந்தார். "பழக்கதோஷம், சார். இல்லாட்டி நழுவிடுவாங்க. அங்கயும் ஆளுங்க ரூமை நான்தான் பூட்டுவேன், யாரும் ஒண்ணும் கேட்டதில்ல." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கதவு திறந்ததும் பெண்கள் இடித்துப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். அவர்களைப் பார்க்கப் பார்க்க அக்காவுக்கு அழுகை பொங்கியது.

"என் தம்பி கதவைத் தட்டினப்பவும் சாவி உன் இடுப்புலதானடா இருந்துச்சு?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"சாட்சி கேட்டீங்களே, சார். அவனே வாயால சொல்லிட்டான், உங்க எல்லைக்குள்ள நின்னு. எழுதுங்க. ரெண்டு கேஸா எழுதுங்க."