மடவை மீனும் கழுவாத பாலிமரும்

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் போனில் பேசினாள். எதிர்முனைக் குரலும் எனக்குக் கேட்டது. விட்டுப்போனதை நான் இட்டுக்கட்டுகிறேன். அவளுக்குக் கயல்விழி என்று பெயர் வைக்கிறேன். வேதியியல் ஆய்வு மாணவி. போனில் இருந்தவர் தாய்மாமன் பச்சமுத்து, கடலூர்ப் பக்கம் ஒரு குப்பத்தில் மீன் பிடிப்பவர்.

2

முதல் தொடக்கம்: 'ஆய்வகத்தின் வெண்ணிற ஒளியில் கயல்விழியின் விரல்கள்...'

வேண்டாம். நான் எந்த ஆய்வகத்துக்குள்ளும் போனதில்லை.

அவள் வேலை, எனக்குப் புரிந்த வரையில்: ஒரு நச்சு மூலக்கூறைச் சுற்றிப் பாலிமரை இறுக விட்டு, அதைப் பொடியாக்குவாள். பிறகு நச்சைக் கழுவி எடுத்தால் அதன் வடிவத்தில் குழிகள் மிஞ்சும். அரைத்த மீனின் கரைசலை ஊற்றினால் கொழுப்பு, ரத்தம் எல்லாம் ஓடிவிடும். அந்த நச்சு இருந்தால் மட்டும் குழியில் மாட்டும். மாட்டியதைக் கரைத்தெடுத்து ஒரு கருவியில் அளப்பாள். (பணியாரச் சட்டி என்று ஓர் உவமை எழுதினேன். அடித்துவிட்டேன். பணியாரம் யாரையும் கொல்வதில்லை.)

3

மாமா கழிமுகத்து மடவை மீனைச் சோதிக்கக் கொடுத்தனுப்பினார். கருவி நச்சு இருப்பதாகக் காட்டியது. அவள் உடனே மாமாவிடம் சொன்னாள். குப்பத்தில் யாரும் மடவையைத் தொடவில்லை.

[இங்கே ஓர் ஆலையை வில்லனாக்கி அரைப்பக்கம் எழுதியிருந்தேன். பிரமாதமாக வந்திருந்தது.]

4

பிறகு அவள் வெறும் தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள். அதிலும் நச்சு. குழி செய்ய வைத்த நச்சே சரியாகக் கழுவப்படாமல் கசிந்துகொண்டிருந்தது. தண்ணீரை முதலில் ஓட்டிப் பார்ப்பதுதான் முறை. மாமா காத்திருக்கிறாரே என்று அவசரப்பட்டுவிட்டாள்.

என் அரைப்பக்கத்தையும் கிழித்தேன், வயிற்றெரிச்சலோடு. வில்லனை நானே உள்ளே வைத்துவிட்டு, கண்டுபிடித்ததாகக் குதித்திருக்கிறேன்.

5

ஒரு முடிவு: 'மீன் சுத்தம்' என்கிறாள். அது அவளுக்கே தெரியாது.

இன்னொரு முடிவு: வாயைத் திறக்காமல் இருந்துவிடுகிறாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. அவளுக்கும் பிடிக்கவில்லை போல. பேருந்தில் நான் கேட்டது இதுதான்:

"நான் சொன்னது தப்பு மாமா. அந்த வெசம் என் பொடியில இருந்து வந்தது."

"அப்ப மீனு நல்லதா?"

"அதுவும் தெரியல. வேற மீனு கொண்டாங்க, மறுபடி பாக்கணும்."

"கொண்டாறேன். நீ பாத்து சொல்ற வரைக்கும் புள்ளைங்களுக்கு என்னா ஆக்கிப்போடறது? வலையில அதுதான் வுழுது."

அவள் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்ததுபோல் எழுத வெட்கமாக இருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள். அவர் இன்னும் லைனில் இருக்கிறார்.