பதினேழில் முடியும் எண்

நான் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. ஆட்டோவில் ஏறினால் வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டுதான் உட்காருவேன். பூட்டிய கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பேன், தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மூன்றாவது தடவையும் இழுப்பேன். அருணாசலவடிவு வருகிறாள் என்றால் எங்கள் ஏற்றுமதி ஆபீஸில் பேச்சு பாதியில் நிற்கும். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக அங்கே டாக்குமென்ட் வேலை பார்க்கிறேன். துறைமுகத்துக்குப் போகிற ஒரு தாள் என் கண்ணுக்குத் தப்பிப் போனதில்லை. எந்தத் தாளானாலும் தலையில் ஒரு பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் எழுதத் தொடங்குவேன். மளிகைச் சீட்டானாலும் சரி, அரசாங்கத்துக்குப் போகிற கடிதமானாலும் சரி.

ரெக்ஸ் எனக்கு நேர் எதிர். எங்கள் சர்வரையும் கம்ப்யூட்டர்களையும் பார்த்துக்கொள்கிறவன். கடலோரத்துத் திரேஸ்புரத்துக்காரன், முப்பதைத் தொடப்போகிற வயது. நான் நீட்டுகிற எந்தத் தாளிலும் படிக்காமலே கையெழுத்துப் போடுவான். "ஏலே, படிச்சுப் பாத்துட்டுப் போடு" என்று எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். "நீங்க எழுதுனதுதானக்கா" என்று சிரிப்பான். ஆறு வருஷமாக இதே பதில்தான்.

அந்த ரெக்ஸ் பத்து நாளைக்கு முன்னால் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகப் படித்து, கப்பலில் எலெக்ட்ரிகல் ஆபீசர் வேலைக்குத் தேறிவிட்டானாம். எங்கள் ஆபீஸில் ஒழுங்காக வேலை பார்த்தான் என்று ஒரு நன்னடத்தைக் கடிதம் மட்டும் பாக்கி. அது புதன்கிழமை சாயங்காலத்துக்குள் சென்னை ஏஜென்ட்டுக்கு மெயிலில் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் ஏறிவிடுவான்.

அதே புதன்கிழமை காலையில்தான் சர்வர் மக்கர் பண்ணியது.

ஆறு கன்டெய்னர் இறால் ரோட்டில் நின்றது. எங்கள் சர்வரிலிருந்து கன்டெய்னர் யார்டின் சர்வருக்குப் பட்டியல் போய், அங்கிருந்து பதில் வந்தால்தான் யார்டில் கேட்டைத் திறப்பார்கள். ஐந்து மணிக்கு மேல் அந்தக் கப்பலுக்குச் சரக்கு எடுக்க மாட்டார்கள். ஒன்பதரைக்குப் பட்டியலை அனுப்பினேன். "இணைக்க முடியவில்லை" என்று சிவப்பில் வந்தது. பத்து தடவை அனுப்பினேன், பத்து தடவையும் அதேதான்.

ரெக்ஸ் வேலை இது என்று உடனே பட்டது. ஏன் படாது? முந்தின நாள்தான் பீச் ரோடு டீக்கடையில் எங்கள் போட்டிக் கம்பெனி மேனேஜரோடு அவன் சிரித்துப் பேசிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் அந்த மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சர்வரின் பாஸ்வேர்டு ரெக்ஸிடம்தான் இருக்கிறது. போகிறவன் போகிற போக்கில் எதையாவது செருகிவிட்டுப் போனால் கேட்பார் யார்? ஒரு தாளை எடுத்து முதலாளி காசிலிங்கம் அண்ணாச்சிக்குப் புகார் எழுதி மடித்து மேசைமேல் வைத்தேன். அவரைப் போனிலும் பிடித்தேன்.

"மூணு மணிக்கு வாரேன்" என்றார். "அதுவரைக்கும் அவன் லெட்டரு என் கையெழுத்தில்லாம அங்கனயே கிடக்கட்டும்."

ரெக்ஸைக் கூப்பிட்டேன். பாஸ்வேர்டை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். என் கம்ப்யூட்டரிலிருந்தே சர்வருக்குள் போக வழி இருந்தது. மேசைக்கு எதிர்ப்பக்கத்து நாற்காலியைக் காட்டினேன். அங்கே உட்கார்ந்தால் திரையின் முதுகுதான் தெரியும்.

"இங்கன உக்காரு. கீபோர்டுல நீ கை வைக்கக் கூடாது. என்ன செய்யணும்னு சொல்லு, நான் அடிக்கேன்."

அவன் உட்காரவில்லை. "என்மேல சந்தேகமாக்கா?"

"ஆமா" என்றேன்.

முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் உட்கார்ந்தான், கைகளை மடியில் வைத்துக்கொண்டு. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"மொதல்ல நம்ம ரூட்டரைக் கூப்பிட்டுப் பாருங்க. பிங்னு அடிச்சு அதோட நம்பரப் போடுங்க."

போட்டேன். பதில் வந்தது.

"அப்ப கேபிள் நல்லாத்தான் இருக்கு. இனி வெளியூர் நம்பர் ஒண்ணு சொல்லுதேன், அதையும் கூப்பிடுங்க."

அதற்கும் பதில் வந்தது. இன்டர்நெட்டும் இருக்கிறது. கேபிளும் இருக்கிறது, இன்டர்நெட்டும் இருக்கிறது, யார்டு மட்டும் இல்லை என்றால் என்ன அர்த்தம்? எவனோ குறிபார்த்து அடித்திருக்கிறான். எதிரே இருந்தவனை முறைத்தேன். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யார்டு சர்வரப் பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. எந்த நம்பருக்குப் போகுதுன்னு மட்டும் வாசிங்க."

பெயரை அடித்தேன். எண் ஒன்று வந்தது, பதினேழில் முடிந்தது. பதில் இல்லை.

"இப்ப பேருக்கு நம்பர் சொல்லுத சர்வர்கிட்டயே நேராக் கேப்போம்" என்று இன்னொரு கட்டளையைச் சொன்னான். நமக்குப் பெயர் போதும், கம்ப்யூட்டருக்கு எண் வேண்டும். இந்தப் பெயருக்கு இன்ன எண் என்று சொல்வதற்கென்றே வெளியே தனியாக ஒரு சர்வர் இருக்கிறது. அதைக் கேட்டால் நாற்பதில் முடிகிற எண்ணைச் சொன்னது. அந்த எண்ணை நேராகக் கூப்பிட்டேன். உடனே பதில் வந்தது.

யார்டு உயிரோடு நாற்பதில் இருக்கிறது. எங்கள் சர்வர் மட்டும் செத்துப்போன பதினேழைத் தட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்கு யாரோ பொய் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

யார்டு ஆபீஸில் இருக்கும் ஜெயபிரியாவைப் போனில் பிடித்தேன். "சனிக்கிழமையே புது மிஷினுக்கு மாறிட்டோம் மேடம். பழசு இன்னைக்குக் காலையில நிப்பாட்டியாச்சு. பேரு அதேதான், உங்களுக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியாதே" என்றாள். மற்ற கம்பெனிக்கெல்லாம் சரியாகப் போகிறதாம்.

ரெக்ஸ் சொன்னபடி சர்வரின் நினைவில் தேங்கிய பழைய எண்களைத் துடைத்தேன். மறுபடியும் பதினேழு. பக்கத்து மேசைக் கம்ப்யூட்டரில் பார்த்தேன். நாற்பது.

"அப்ப நம்ம சர்வருக்குள்ளதான் யாரோ கையால எழுதி வச்சிருக்காவ" என்றான். "ஹோஸ்ட்ஸ்னு ஒரு ஃபைலு உண்டு. பேரும் நம்பரும் அதுல எழுதிட்டா சர்வர் வெளிய யாரையும் கேக்காது. எழுதுனதையே நம்பிக்கிட்டு இருக்கும்."

"யாரோ இல்லலே. உன் பாஸ்வேர்டு இல்லாம அதுல எழுத முடியுமா?"

"முடியாது."

"பொறவென்ன?"

அவன் ஃபைல் இருக்கிற இடத்தைச் சொன்னான். "தொறக்கதுக்கு முன்னால, கடைசியா மாத்துன தேதி பக்கத்துலயே போட்டிருக்கும். அதச் சொல்லுங்க."

"ஆகஸ்ட் அஞ்சு. காலம்பற பதினொண்ணு இருவது" என்று வாசித்தேன், கையும் களவுமாகப் பிடித்துவிட்ட குரலில். மூன்று மாசமாகத் திட்டம் போட்டிருக்கிறான்.

ரெக்ஸ் என்னையே பார்த்தான். "ஆகஸ்ட் அஞ்சு மாதா கோயில் திருநாளுல்லாக்கா. நான் அன்னைக்கு ஆபீசுக்கே வரல."

"வீட்டுல இருந்தே சர்வருக்குள்ள வருவியே. வந்து எழுதியிருக்கலாம்லா?"

"எழுதியிருக்கலாம். தொறந்து பாருங்க."

திறந்தேன். ஆங்கிலத்தில் நாலைந்து வரி ஓடியது. அதற்குக் கீழே நட்டநடுவில், தனியாக, தமிழில் ஒரே ஓர் எழுத்து.

உ

அதற்கும் கீழே பதினேழில் முடியும் எண், யார்டின் பெயர். கடைசியில் ஒரு குறிப்பு: ரெக்ஸ் வந்ததும் எடுக்கச் சொல்லணும்.

அந்த நாள் முழுசாக என் முன்னால் வந்து நின்றது. எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. மாதா கோயில் திருநாளைக்கு ரெக்ஸ் மாதிரி ஆட்கள் லீவு, நாங்கள் இருந்து பார்த்துக்கொள்வோம். பங்குனி உத்திரத்துக்கு நாங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போவோம், அவர்கள் இருந்து பார்த்துக்கொள்வார்கள். போகிறவர் பீரோச் சாவியையும் பாஸ்வேர்டு எழுதிய துண்டுச்சீட்டையும் இருக்கிறவர் கையில் கொடுத்துவிட்டுப் போவார். முதலாளிக்குத் தெரியாது. தெரிந்தால் விடமாட்டார். அன்றைக்கு யார்டின் பெயரைத் தேடினால் எண் கிடைக்காமல் ஏதோ கோளாறு. இதே ஜெயபிரியாதான் போனில், "நம்பரையே எழுதிருங்க மேடம், நாளைக்கு எடுத்துருங்க" என்று ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். ஒவ்வொரு வரியாக எழுதினேன். அதற்கு முன்னால் சுழி போட்டேன். மறுநாள் ரெக்ஸ் திருநாள் பலகாரத்தோடு வந்து, "எல்லாம் சரியா இருந்துச்சாக்கா?" என்று கேட்டான். "ஒரு குறையும் இல்லலே" என்று சொல்லிவிட்டுப் பலகாரத்தைத் தின்றேன்.

"என்னக்கா இருக்கு?"

பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிஷம் யோசித்தேன். திரை என் பக்கம். மூன்று வரியை அழித்துவிட்டு, "ஒண்ணும் இல்லலே, ஏதோ பழைய நம்பரு" என்றால் முடிந்தது. பழி அவன்மேல் இருந்தால் இருக்கட்டும், போகிறவன்தானே. விரல் அழிக்கிற விசைமேல்தான் இருந்தது. இருபத்திரண்டு வருஷம் ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள், ஒரு நாள்கூட என்னைச் சந்தேகப்பட்டதில்லை.

திரையைப் பிடித்து அவன் பக்கம் திருப்பினேன். மடித்து வைத்திருந்த புகாரையும் விரித்து அதன் பக்கத்தில் வைத்தேன். அங்கேயும் உச்சியில் அதே சுழி.

ரெக்ஸ் திரையைப் பார்த்தான். தாளைப் பார்த்தான். "மேற்படி ரெக்ஸ் என்பவர் வேண்டுமென்றே" என்று தொடங்கும் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு, தாளை என் பக்கம் தள்ளினான்.

"தேதியச் சொன்னப்பவே எனக்குத் தெரியும்க்கா."

"பொறவு ஏம்லே வாயத் தொறந்து சொல்லல?"

"நான் சொல்லியிருந்தா நம்பியிருப்பியளா?"

நம்பியிருக்க மாட்டேன்.

"அந்த மூணு வரியையும் எடுத்துட்டுப் பட்டியல அனுப்புங்க" என்றான். எடுத்தேன். பன்னிரண்டு மணிக்குள் பட்டியல் போய்ப் பதிலும் வந்துவிட்டது. ஆறு கன்டெய்னரும் மழையிலேயே உள்ளே போயின.

மூன்று மணிக்குக் காசிலிங்கம் அண்ணாச்சி வந்தார். நாற்காலியில் உட்காருமுன்பே, "எவன் செஞ்ச வேலை?" என்று கேட்டார். நான்தான் என்றேன். துண்டுச்சீட்டு, பாஸ்வேர்டு, திருநாள் எல்லாவற்றையும் சொன்னேன். "நீயா வடிவு?" என்று இரண்டு தடவை கேட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை. ரெக்ஸின் கடிதத்தைக் கொண்டுவரச் சொன்னார். நான் அதைப் புதிதாக அடித்து, நேர்மையானவர் என்று ஒரு வார்த்தை கூடுதலாகப் போட்டு எடுத்துப்போனேன். கையெழுத்துப் போட்டார்.

ரெக்ஸை அழைத்துக் கடிதத்தைக் கொடுத்தேன். "தப்பு என்மேலதாம்லே, மனசுல வச்சிக்கிடாத" என்றேன். "சரிக்கா" என்றான். ஆபீஸ் நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை நீட்டினேன்.

அவன் பேனாவை வாங்கி மேசையில் வைத்தான். கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், முதல் வரியில் விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தான். தேதியைப் படித்தான். தன் பெயரைப் படித்தான். ஒவ்வொரு வரியாகக் கடைசி வரை வந்து, மறுபடி மேலே போய் இன்னொரு தடவை படித்தான். நான் எழுதினதுதானே என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. படித்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தேன்.