நானும் தூங்கினேன்

கிழக்கு வெளுத்து, சூரியன் விமானத்தின் மூக்குக்கு நேரே எழுந்து நின்றது. உள்ளே இருந்த இரண்டு விமானிகளின் கண்களும் மணல் விழுந்தாற்போல் எரிந்தன. முந்தைய நாள் போட்ட சட்டை வியர்வையில் ஊறி, குளிரில் காய்ந்து, மறுபடி ஊறி முதுகோடு ஒட்டியிருந்தது. இடுப்பில் பட்டை, தோளில் பட்டை, காதை அழுத்தும் ஹெட்போன். காலை நீட்ட வழியில்லாத அந்தப் பொந்துக்குள் உட்கார்ந்தபடியே ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி, இப்போது மறுபடியும் ஏறியிருந்தார்கள்.

துணை விமானி தன் தொடையைக் கிள்ளிக்கொண்டாள். கிள்ளிக் கிள்ளி அந்த இடம் கன்றிப்போயிருந்தது. ஆள் சிறுத்தவள் என்பதால் எல்லாரும் அவளைக் குருவி என்றுதான் கூப்பிடுவார்கள்.

கண்ணை ஒரு தரம் மூடித் திறந்ததாகத்தான் அவளுக்கு நினைவு. திறந்தபோது காதுக்குள் ஒருவன் கத்திக்கொண்டிருந்தான்.

"கேக்குதா? பதில் சொல்லுங்க! யாராவது பதில் சொல்லுங்க!"

தரைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வந்த குரல் அது. எவ்வளவு நேரமாகக் கூப்பிடுகிறானோ, தெரியவில்லை. உயரத்தைக் குறைக்க ஆரம்பித்திருக்க வேண்டிய இடம் எப்போதோ பின்னால் போய்விட்டிருந்தது. விமானம் தன் பாட்டுக்குப் பறந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கேப்டனின் தாடை மார்பில் கிடந்தது.

"கேப்டன்! கேப்டன்!" தோளைப் பிடித்து உலுக்கினாள்.

திடுக்கிட்டு விழித்தவர் அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டார். "எந்த ஊரு? நாம எந்த ஊருக்குப் போறோம்?"

ஊர் பேரைச் சொன்னாள். கட்டுப்பாட்டு அறைக்குப் பதில் சொன்னாள். இருவரும் விமானத்தைத் தரைக்குக் கொண்டுவரும் வேலையில் இறங்கினார்கள். சக்கரங்கள் தரையைத் தொட்டபோது ஒரு அதிர்வுகூட இல்லை.

விமானத்தின் வாசலில் தோளில் குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். "பட்டு மாதிரி இறக்கினீங்க. பிள்ளை கண்ணே முழிக்கல."

குருவி சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் கேப்டனின் வண்டி கிளம்பாமலே நின்றது. எட்டிப் பார்த்தாள். மனுஷன் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வீட்டுக்குப் போனா தூக்கம் வரமாட்டேங்குது குருவி. கண்ணை மூடினா எஞ்சின் சத்தம். அதையும் மீறி அசந்தா போன் வருது, வர வேண்டியவன் வரல, நீங்க வாங்கன்னு. நேத்து மகள் பாட்டு போட்டான்னு சோத்துத் தட்டைத் தூக்கி எறிஞ்சேன். புள்ள பயந்துபோய் ரூமைப் பூட்டிக்கிட்டா." முகத்தைத் துடைத்தார். "சில நாள் இந்தக் காரை எதுலயாவது கொண்டுபோய் மோதிடலாமான்னு இருக்கு."

டாக்டரிடம் போங்கள் என்று சொல்ல வாயெடுத்தவள் விழுங்கிக்கொண்டாள். நெட்டை என்று அவளோடு பறந்த ஒரு விமானி அப்படித்தான் போனான். தூக்கம் வரவில்லை, மனசு கனமாக இருக்கிறது என்று கம்பெனி டாக்டரிடம் உள்ளதைச் சொன்னான். வைத்தியம் நடக்கவில்லை, பறக்கும் உரிமம்தான் பறிபோனது. இன்று ஒரு மரச்சாமான் கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். அன்றிலிருந்து மருத்துவச் சோதனைக்குப் போகிற விமானிகள் எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: நல்லா தூங்குறேன், சந்தோஷமா இருக்கேன். தூங்கவிடாமல் அடித்து ஆளை நோயாளி ஆக்குவதும் கம்பெனி, நோயாளி என்று முத்திரை குத்தி வெளியே தள்ளுவதும் கம்பெனி.

"இன்னிக்கு நடந்ததைக் கம்பெனியில சொல்லிடப் போறேன்," என்றார் கேப்டன்.

"உங்களைக் கீழ தள்ளிடுவாங்க."

"தள்ளட்டும். அத்தனை ஜனத்தோட மேலயிருந்து விழறதுக்கு அது தேவலை."

அவர் சொன்னார். அந்த வாரமே மேலாளர் குருவியைக் கூப்பிட்டனுப்பினார்.

மேலாளரும் ஒரு காலத்தில் விமானிதான். அவர் அறையில் கனத்த திரைச்சீலை, ஆளே காலை நீட்டிப் படுக்கலாம் போன்ற சோபா. குருவியின் கண் முதலில் அந்த சோபாவில்தான் விழுந்தது.

"உட்காரும்மா. உன் கேப்டனுக்கு மனநிலை சரியில்லைன்னு டாக்டர் எழுதிட்டார். பாவம், வீட்டுல ஏதோ பிரச்சினை போல."

"வீட்டுல ஒண்ணும் இல்ல சார். டியூட்டியிலதான் பிரச்சினை."

"எங்க காலத்துல இதைவிட அதிகம் பறந்திருக்கோம்."

"உங்க காலத்துல நடுவுல படுத்தெழ நேரம் குடுத்தாங்க சார். அதை வெட்டினது நீங்க."

அவர் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் குரலில் தேன் தடவிக்கொண்டார். "அதை விடு. நீ முழிச்சிருந்த. அவரை எழுப்பி விமானத்தைக் காப்பாத்தின. இதை மட்டும் விசாரணையில சொல்லு. கேப்டன் சீட்டு ஒண்ணு காலியாத்தான் இருக்கு."

பொய் சொல்வானேன், ஒரு நொடி அந்த இருக்கை அவள் கண்முன் வந்து போனது. சிறு பெண்ணாக இருந்தபோதே அவள் கண்ட கனவு அது. அதை இந்த ஆள் எலும்புத் துண்டு மாதிரி வீசுகிறானே என்று நினைத்ததும் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"நானும் தூங்கினேன் சார்."

"என்ன?"

"நானும் தூங்கினேன். அந்த நேரம் அந்த விமானத்துல முழிச்சிருந்து பார்க்க ஒரு விமானி இல்ல."

மேலாளர் மேசையைத் தட்டினார். "யோசிச்சுப் பேசு! இந்த வேலைக்கு வெளிய எத்தனை பேர் வரிசையில நிக்கிறாங்க தெரியுமா?"

"அவங்களுக்கும் தூக்கம் வரும் சார்."

வெளியே வந்தாள். நேரே ஊழியர் ஓய்வறைக்குப் போனாள். பேர்தான் ஓய்வறை. யாரும் படுத்துவிடக் கூடாதென்று எல்லா நாற்காலிக்கும் இரும்புக் கை வைத்திருந்தார்கள். உள்ளே இருந்தவர்களிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

மீசை என்று எல்லாரும் கூப்பிடும் விமானி எழுந்தார். சீனியர் கேப்டன், அவர் பேச்சுக்கு அங்கே மரியாதை உண்டு. "உனக்கென்ன, தனிக்கட்டை. எங்களுக்குப் புள்ளகுட்டி இருக்கு."

"நமக்குப் பின்னாடி உட்கார்ந்து வர்றவங்களுக்கும் இருக்குண்ணே."

மூலையில் காலைத் தேய்த்துக்கொண்டிருந்த விமானப் பணிப்பெண் நிமிர்ந்தாள். பணிப்பெண்களில் மூத்தவள் என்பதால் எல்லாருக்கும் அக்கா. "மீசை, போன வாரம் நடுவானத்துல காபி குடுக்க விமானி ரூமைக் கூப்பிட்டேன். கூப்பிட்டேன், கூப்பிட்டேன், பதிலே இல்ல. கதவைப் போட்டு இடிச்சேன். இன்னிக்கு வரைக்கும் அதை நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லட்டுமா?"

மீசையின் முகம் கறுத்தது. தொப்பியை எடுத்துக் கையில் சுழற்றினார்.

"வேண்டாம். நானே சொல்றேன்." தொப்பியை மேசையில் வைத்தார். "நானும் தூங்கினேன்."

அதற்குப் பிறகு யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ஒருவன் மாத்திரை போட்டுத்தான் தூங்குகிறான். ஒருத்தி குளியலறையில் போய் அழுகிறாள். திருட்டுக் குற்றம் மாதிரி ஒளித்து வைத்திருந்ததெல்லாம் வெளியே வர வர, அவமானம் ஆத்திரமாக மாறியது.

"களைப்பா இருந்தா ஏறாதேன்னு சட்டமே சொல்லுது," என்றாள் குருவி. "நாமதான் பயந்துக்கிட்டு ஏறுறோம். இனிமே ஏறவேண்டாம். கேப்டனுக்கு வைத்தியம் பார்த்துத் திரும்பச் சேர்க்கணும். நெட்டைக்கும்தான். தூங்க விட்டாத்தான் பறப்போம்."

"நாங்களும் ஏறமாட்டோம்," என்றாள் அக்கா.

"முதல்ல அவரைப் போய்ப் பார்ப்போம்," என்றார் மீசை. "தனியா விட்டுட்டோம் மனுஷனை."

சீருடையோடு அப்படியே கிளம்பினார்கள். கேப்டனின் மனைவி கதவைத் திறந்தவள், படிக்கட்டு முழுக்க நின்ற கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தாள்.

"இப்பத்தான் கண்ணசந்தார். எத்தனை நாளைக்கு அப்புறம்! எழுப்பட்டுமா?"

"ஐயோ, வேண்டாம் அண்ணி!" என்று மீசை கிசுகிசுத்தார். "தூங்கட்டும். நாங்க இருக்கோம்."

படிகளிலேயே உட்கார்ந்தார்கள். இடம் போதாமல் தோளும் தோளும் இடித்தன. நாளைக்கு எத்தனை பேருக்கு வேலை இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது. ஒருவன் சிரித்துவிட்டான், அக்கா உதட்டில் விரல் வைத்தாள்.

மீசையின் போன் அதிர்ந்தது. மாலை விமானத்துக்கு ஆள் தேடிக் கம்பெனி கூப்பிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு பேசினார்.

"முடியாது. நான் தூங்கல. தூங்காம ஏறமாட்டேன்."

"அப்ப வேற ஆளைக் கூப்பிட்டுக்குறேன்!" என்று மறுமுனை இரைந்தது.

"கூப்பிடு. பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கான்."

அடுத்த போன் அதிர்ந்தது. அதற்கடுத்தது. படிக்குப் படி அதே பதில், கோபம் குறையாமல், குரல் மட்டும் தாழ்த்தி. மேல் படியில் இருந்த குருவியின் கையில் போன் அதிர்ந்தபோது அவள் நிமிர்ந்து உட்கார்ந்து அதை எடுத்தாள்.