கனமான ஒரு டெராபைட்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. லேப்டாப் பழுது பார்க்கும் கடையில் ஒரு அக்கா பில்லை நீட்டியபடி, "முடிஞ்சா நெட்டுல எங்க கடையைப் பத்தி நாலு வரி நல்லதா எழுதிப் போடும்மா" என்று கேட்டார். நான்கு வரிதானே என்று உட்கார்ந்தேன். இரண்டாவது வரியில் ஒரு அப்பா உள்ளே வந்துவிட்டார். அவரை வெளியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையில் வருகிறவள் 'அவள்'. எழுதுகிறவள் நான். இரண்டும் ஒரே ஆளா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. கேட்காதவர்களுக்கு நன்றி.

முதல் தொடக்கம்: "மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில் அவள் —"

மழையெல்லாம் இல்லை. என்ன எழுதுவது என்று தெரியாதபோது மழையைப் பெய்ய விடுவது என் கெட்ட பழக்கம்.

இரண்டாவது: "எஸ்எஸ்டி என்பது சுழலும் பாகங்கள் ஏதுமின்றித் தகவல்களைச் —"

இது ஐந்து மதிப்பெண் வினாவுக்கான விடை.

மூன்றாவது: "அவளுடைய லேப்டாப் திறக்கப் பதினோரு நிமிடம் ஆகும்."

இது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

அவளுடைய லேப்டாப் திறக்கப் பதினோரு நிமிடம் ஆகும். பட்டனை அழுத்திவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வரலாம். யாரோ நன்றாக உழைக்கவைத்துவிட்டுத் தள்ளிவிட்ட மெஷின் அது. உள்ளே பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். சில நாளாக அது தூக்கத்தில் பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவளுடைய ஆய்வேடும், அதற்காக அலைந்து எடுத்த நாற்பத்திரண்டு நேர்காணல் வீடியோக்களும் அதற்குள்தான் இருந்தன. திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். வேறு பிரதி கிடையாது.

(ஏன் கிடையாது? அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். 'ஒரு காப்பி எடுத்து வச்சுக்கோ' என்று சொல்ல அவளுக்கு முன்னால் போனவர் யாரும் இல்லை. போதுமா?)

ஒரு நாள் வேலை முடிந்து வந்த அப்பா மேசைமேல் ஒரு சின்னப் பெட்டியை வைத்தார்.

"என்னப்பா இது?"

"நீ போன்ல யார்கிட்டயோ சொல்லிக்கிட்டிருந்தியே, எஸ்எஸ்டி. அதான்."

"எங்க வாங்குன?"

"மார்க்கெட் வாசல்ல ஒருத்தன் போட்டிருந்தான். ஆறு தினுசு இருந்துச்சு. எல்லாத்தையும் பிரிச்சுக் கையில தூக்கிப் பார்த்தேன். மத்ததெல்லாம் பிஸ்கட் மாதிரி இருக்கு பாப்பா. ஊதுனா பறந்துடும். இது ஒண்ணுதான் சரக்கு. தூக்கிப் பாரேன்."

தூக்கிப் பார்த்தாள். கையில் நன்றாக உட்கார்ந்தது. மேலே தங்க எழுத்தில் ஒரு டெராபைட் என்று போட்டிருந்தது.

*குறிப்பு: அப்பா பிளம்பர். முப்பது வருடமாகப் பித்தளைக் குழாயை அவர் இப்படித்தான் வாங்குகிறார். இலேசாக இருந்தால் உள்ளே மட்டமான உலோகம், மேலே முலாம். கனமாக இருந்தால் காலத்துக்கும் நிற்கும். அவர் கை இதுவரை ஏமாந்ததில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் சொன்னால் சூழ்ச்சி மாதிரி இருக்கும். ஆறு மாதத்துக்கு முன் அவர் அவளுடைய ஆய்வைப் பற்றி ஏதோ கேட்டார். அவள் தலை நிமிராமல், "உனக்கு இதெல்லாம் புரியாதுப்பா, விடு" என்றாள். அவர் விட்டுவிட்டார். நிஜமாகவே விட்டுவிட்டார். அதற்குப் பிறகு "சாப்டியா", "கதவைப் பூட்டிக்கோ", அவ்வளவுதான். படிப்பைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. ஆறு மாதம் கழித்து அவர் வாயைத் திறந்தது இந்தப் பெட்டியோடுதான்.

(மேலே ஓரிடத்தில் 'என் அப்பா' என்று எழுதிவிட்டு, முதல் சொல்லை அழித்தேன். எங்கே என்று தேட வேண்டாம்.)

3

கடைக்கார அக்காவை முதல் வரைவில் ஆணாக எழுதியிருந்தேன். ஸ்க்ரூ டிரைவர் பிடித்த பெண் என்றால் வாசகர் ஒரு நொடி நின்று வியந்து பார்ப்பார், கதை தடைப்படும் என்று நினைத்தேன். பிறகு என்மேலேயே எரிச்சல் வந்தது. நின்று பார்க்கட்டும். நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு, உதட்டோரம் ஒரு ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டே பேசுகிற அக்கா அவர்.

"மாட்டிடலாம். ஆனா மூணு மணி நேரம் ஆகும்."

"நாலு ஸ்க்ரூவைக் கழட்டி மாட்ட மூணு மணி நேரமாக்கா?"

"யாரு கொண்டுவந்த டிஸ்க்கா இருந்தாலும் முதல்ல கழுத்து வரைக்கும் ரொப்புவேன். அப்புறம் ரொப்புனது அப்படியே இருக்கானு திருப்பிப் படிப்பேன். அதுக்கப்புறம்தான் மாட்டுவேன். என் கடையில இதான் பழக்கம்."

"எனக்கு நேரம் இல்லக்கா. திங்கக்கிழமை ஆய்வேடு குடுக்கணும்."

"அப்ப எதிர்க்கடைக்குப் போ. பத்து நிமிஷத்துல மாட்டிக் குடுப்பாரு. அப்புறம் நீ அழுதுக்கிட்டே இங்கதான் வருவே. எனக்கும் ரெண்டு மடங்கு வேலை கிடைக்கும்."

அவளுக்குக் கோபம் வந்தது. (அவளுக்குக் கோபம் வராத இடங்களைப் பட்டியல் போட ஒரு விரல் போதும்.) ஆனாலும் எழுந்து போகவில்லை. பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, கடையைக் கண்ணாலேயே திட்டித் தீர்த்தாள்.

இரண்டு மணி நேரம் போயிருக்கும்.

"ஏம்மா, இங்க வா. இதைப் பாரு. ஒரு டெராபைட்டுனா ஆயிரம் ஜிபி. இது அறுபது ஜிபி வரைக்கும்தான் ஒழுங்கா வாங்கிக்குது. அதுக்கு மேல எழுதறதெல்லாம் முன்னாடி எழுதுனது தலையிலயே போய் உக்காருது. எடமில்லனு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்குது. வாங்க வாங்கனு உள்ள விடுது."

"அப்ப என் வீடியோ?"

"எவ்ளோ இருக்கு?"

"எண்பது ஜிபி."

"காப்பி ஆயிடுச்சுனு நம்பிப் பழசை அழிச்சிருப்பே. இல்ல?"

அழித்திருப்பாள். சந்தேகமே இல்லை.

அக்கா அந்தப் பெட்டியின் மூடியை நெம்பித் திறந்தார். உள்ளே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பச்சைத் தகடு. அதன் பக்கத்தில், பசையில் புதைந்த ஓர் இரும்புப் பட்டை.

"இது எதுக்குக்கா?"

"தூக்கிப் பார்த்து வாங்கறவங்களுக்கு."

அவள் அந்த இரும்பையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "அக்கா, நல்லது ஒண்ணு வாங்கித் தரேன். அதுக்குள்ள இருக்கறதை மட்டும் எடுத்து இந்தப் பெட்டிக்குள்ள வச்சு மூடிக் குடுத்துடறீங்களா?" என்றாள்.

"எதுக்கு? வாரண்டி போயிடும்."

"பரவால்ல."

"லூசாம்மா நீ? யாரு வாங்கிக் குடுத்தது இது?"

"அப்பா."

அக்கா உதட்டிலிருந்த ஸ்க்ரூவை எடுத்து மேசைமேல் வைத்தார். அதன்பிறகு அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனால் பெட்டியை மாற்றித் தரவில்லை.

4

கதை இங்கே கொஞ்சம் நிற்கும். அவசரக்காரர்கள் அடுத்த எண்ணுக்குத் தாவலாம். லேப்டாப் சாகக் கிடக்கிறவர்கள் மட்டும் இருங்கள்.

முதலில் பின்மூடியைக் கழற்றி எந்த வகை பொருந்தும் என்று பாருங்கள்: சூயிங்கம் பட்டை மாதிரி மெலிந்ததா, சீட்டுக்கட்டு மாதிரித் தட்டையானதா. தங்க எழுத்தில் இருக்கும் கொள்ளளவைப் பார்த்து மயங்காதீர்கள். வாரண்டி எத்தனை வருடம், அதற்குள் மொத்தம் எவ்வளவு எழுதினால் தாங்கும் என்று தயாரித்தவர்களே எழுத்தில் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அதைச் சொல்லாதவர்கள் எதையும் சொல்லவில்லை. சீரியல் எண்ணை அவர்களுடைய தளத்திலேயே போட்டுச் சரிபாருங்கள். வேகத்தைப் பற்றி விற்கிறவர் பேசுவார், பேசட்டும். சுழலும் டிஸ்க்கிலிருந்து வருகிறவருக்கு எந்த நல்ல எஸ்எஸ்டியும் ராக்கெட்தான். நல்லது இலேசாகத்தான் இருக்கும். எதை வாங்கினாலும் பிரதி வேறெங்காவது இருக்கட்டும்.

இவ்வளவும் இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது என்பீர்கள். கிடக்கிறது. எந்தக் கேள்வியைப் போட்டால் கிடைக்கும் என்பது மட்டும் கிடப்பதில்லை. சில வீடுகளில் அதைச் சொல்ல ஒரு மாமா இருக்கிறார், கம்ப்யூட்டர் படித்த அத்தை மகன் இருக்கிறான். எங்கள் வீட்டில்

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். முடித்தால் திட்டாகிவிடும். இது நன்றி சொல்ல எழுதுவது.

அந்த அக்கா இதையெல்லாம் ஒரு முறைகூட சலித்துக்கொள்ளாமல் சொன்னார். புதிதாக வாங்கிய அரை டெராபைட்டையும் விடாமல் கழுத்து வரை ரொப்பிப் படித்துப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டிருந்த பழையதிலிருந்து நாற்பத்திரண்டு வீடியோவையும் ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தார். முப்பத்தேழாவது மட்டும் மூன்று முறை முரண்டு பிடித்தது. அவர் அதனிடம் "வாடி தங்கம், வாடி" என்று கெஞ்சிக்கொண்டிருந்ததை நான் மறக்க மாட்டேன்.

அவள் மறக்க மாட்டாள்.

5

முடிவுகள்.

ஒன்று. அவள் சொல்லிவிடுகிறாள். "உன்னை ஏமாத்திட்டாம்ப்பா." அவர் "அப்படியா" என்கிறார். கை கழுவப் போகிறார். வெகுநேரம் கழுவுகிறார். இதற்குப் பிறகு அவளுக்காக எந்தக் கடையிலும் ஏற மாட்டார். எழுதிப் பார்த்தேன். தண்ணீர் ஓடும் சத்தம் ஒன்றரைப் பக்கத்துக்கு நீண்டது. கிழித்துவிட்டேன்.

இரண்டு. அவள் பொய் சொல்கிறாள். "சூப்பரா ஓடுதுப்பா." அவருக்குப் பெருமை தாங்கவில்லை. கூட வேலை செய்கிறவரிடம், "உம் பையனுக்கும் வாங்கிக் குடு, கனமாப் பார்த்து வாங்கு" என்கிறார். அந்தப் பையனும் எதையோ எழுதி வைத்துக்கொண்டுதானே இருப்பான்? இதையும் கிழித்தேன்.

மூன்று. விற்றவனைத் தேடிப் போகிறாள். இந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் இதில் நான் நிறையக் கத்துகிறேன். ஆனால் போய்ப் பார்த்தபோது அந்த இடத்தில் வேறொருவர் குடை விற்றுக்கொண்டிருந்தார்.

6

நடந்ததை மட்டும் சொல்கிறேன். லேப்டாப்பைத் திறந்தாள். அப்பா நாற்காலியின் பின்னால் வந்து நிற்பதற்குள் திரை வந்துவிட்டது.

"என்னது, அதுக்குள்ளயா?"

"ஆமாம்ப்பா."

"தூக்கினப்பவே நெனச்சேன். நல்ல சாமான்."

அவள் திரும்பி, அவர் முகத்தைப் பார்த்து, "அப்பா, அது வந்து —"

இந்த வாக்கியத்தை ஏழு முறை எழுதினேன். ஏழு முறையும் அவர் முகம் குறுக்கே வந்தது. ஆய்வேட்டைத் திங்கட்கிழமை கொடுத்தாகிவிட்டது. இந்த வாக்கியம் மட்டும் பாக்கி.

மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும். இனி வருவது ஒருவருக்கு.

அப்பா, நான் எழுதி அச்சில் வருவது எதையும் நீ விடுவதில்லை. எழுத்தெழுத்தாகக் கூட்டி, கண்ணாடியை இறக்கி ஏற்றி, ஒரு பத்தியையும் தாண்டாமல் படிப்பாய். ஆகவே, இந்த வரிக்கு வரும்போது உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும். அந்த இரும்பை உள்ளே வைத்தவனுக்கு உன்னைப் போன்றவர்களின் கை எப்படி யோசிக்கும் என்று தெரியும். உன் கைமேல் குற்றமில்லை. இரண்டு பட்டம் படித்த நானும் தூக்கிப் பார்த்தேன், நானும் நம்பினேன். 'உனக்குப் புரியாது' என்று சொன்னவளுக்கும் புரிந்திருக்கவில்லை. நீ கடை ஏறியது எனக்காக. அதற்கு நன்றி சொல்ல இவ்வளவு பக்கம் பிடித்திருக்கிறது.

கோபப்படுவாயா, சிரிப்பாயா, கை கழுவப் போவாயா, எனக்குத் தெரியாது. முடிவை நான் எழுதவில்லை. பக்கத்து அறையில்தான் இருக்கிறேன். படிச்சு முடிச்சதும் நீயே வந்து சொல்லுப்பா.