இடப்பக்கத்து மூச்சு

தட்டு என்றுதான் அம்மா அதைச் சொல்வாள். உண்மையில் அது ஜன்னல் கதவளவு பலகை. அதன் மேல் நகக்கண் அளவில் ஆயிரக்கணக்கான செப்புச் சில்லுகள். ஒவ்வொரு சில்லும் அலையைக் கொஞ்சம் தாமதப்படுத்தி அனுப்பும். அந்தத் தாமதங்களைச் சரியாக அடுக்கினால், ஆன்டெனாவை அசைக்காமலே அலையை வேண்டிய பக்கம் திருப்பலாம். ஒரே பலகை வைஃபையையும் கொண்டுபோகும், சுவருக்கு அப்பால் மூச்சுவிடுகிறவரின் நெஞ்சு ஏறி இறங்குவதையும் காட்டும். அந்த இரண்டாவது வேலைக்காகத்தான் நானும் என் கூட்டாளியும் மண்டையை உடைத்துக்கொண்டோம். ஆய்வுக்கூடத்தில் நேர் எதிரே ஆளை நிறுத்திப் பார்த்ததோடு சரி. பக்கவாட்டில் பார்க்க வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் நிறுத்தினேன்.

கூடத்தின் வலப்பக்க அறையில் அப்பா, பக்கவாதத்தில் படுக்கை. எச்சில் தொண்டையில் சிக்கிக்கொள்ளும் என்பதால் யாராவது பக்கத்திலேயே இருக்க வேண்டும். இனி பலகை பார்த்துக்கொள்ளும் என்று எனக்கு ஒரு நப்பாசை. இடப்பக்க அறை தம்பியுடையது. போன வருடம் சாலை விபத்தில் போய்விட்டான். அம்மா அதைப் பூட்டியே வைத்திருந்தாள்.

அலையை வலப்பக்கம் திருப்பினேன். கையில் வைத்திருந்த சின்னத் திரையில் மூச்சைக் காட்டும் கோடு தட்டையாகக் கிடந்தது. எட்டிப் பார்த்தால் அப்பா நன்றாகத்தான் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். சுவர்தான் தடிமன் போல, சனியன் என்று திட்டிக்கொண்டே, சும்மா இடப்பக்கம் திருப்பினேன்.

கோடு ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

பூட்டிய அறை.

"யாருடி உள்ள?" அம்மா எனக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"யாரும் இல்லைம்மா. மெஷின் உளறுது."

"தம்பி தூங்கறப்போ இப்படித்தான் இழுத்து இழுத்து மூச்சு விடுவான்."

சாவியைத் தேடி எடுத்துக் கதவைத் திறந்தாள். கட்டில், மடித்த போர்வை, கொடியில் அவன் சட்டை. வேறொன்றும் இல்லை. திரையைக் கையோடு கொண்டுபோய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தவள்தான். மறுநாளும் அங்கேயே இருந்தாள். அப்பாவுக்கு நான்தான் கஞ்சி ஊட்டினேன். அவளை அங்கிருந்து எழுப்பிக்கொண்டு வர எனக்கு மனசு வரவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் அந்தக் கோட்டைப் பார்க்க அடிக்கடி அந்த அறை வாசல்வரை போனேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது. அம்மா அந்த அறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள், கோட்டில் ஒரே மூச்சுதான் தெரிகிறது. அப்படியானால் அம்மாவின் மூச்சு எங்கே? நினைக்கவே பயமாக இருந்தது. மத்தியானம் அப்பா கண்ணயர்ந்ததும் கூட்டாளிக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"சில்லுத் தாமதக் கணக்குல நீ பிளஸ் போட்டியா, மைனஸ் போட்டியா?" என்றான்.

"எப்பவும் போல பிளஸ்தான்."

"அடிப்பாவி. நான் அலையை மைனஸ்ல எழுதறவன். ரெண்டையும் அப்படியே சேர்த்தா எல்லாம் கண்ணாடியில பார்த்த மாதிரி இடம் வலமாப் போயிடுமே."

அப்போது அம்மா உள்ளிருந்து சொன்னாள். "நல்லாத் தூங்கறான் பாரு. மூச்சு ரொம்ப மெதுவாயிடுச்சு."

போனைக் கீழே போட்டுவிட்டு வலப்பக்க அறைக்கு ஓடினேன். அப்பாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாய்க்குள் விரலை விட்டு வழித்து, முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினேன். "அம்மா, இங்க வா" என்று கத்தினேன். அவள் வரவில்லை. கடைசியில் தொண்டையில் ஏதோ விடுபட்டு, கரகரவென்று காற்று உள்ளே போனது.

"வந்துட்டான்டி," என்றாள் அம்மா அந்த அறையிலிருந்து. அழுகையும் சிரிப்புமாக இருந்தது குரல். "நின்னே போச்சுன்னு நினைச்சேன். மறுபடி மூச்சு விடறான்."

"அம்மா, அது அப்பாம்மா."

"சத்தம் போடாதே. அவன் தூங்கட்டும்."

கதவைச் சாத்தித் தாழ் போடும் சத்தம் கேட்டது. அப்பா கண்ணைத் திறந்து என் தோளுக்குப் பின்னால் அவளைத் தேடினார்.