ஞானசேகரத்தின் கறிவேப்பிலைப் பொருத்தனை

நோபல் பார்க்கில் ஞானசேகரம் வளர்த்த கறிவேப்பிலை மரத்தின் வாசம் இரண்டு ஸ்டேசன் தள்ளியிருக்கும் டண்டினோங் வரை போகும். அவர் வீட்டுப் பின்வேலியைத் தாண்டும் ரயில்கூட வேகத்தைக் குறைத்து, ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டுத்தான் போகும். மெல்பேர்ன் குளிரில் மற்றவர்களின் கன்றுகள் குச்சியாகிப்போக, இது மட்டும் பெரிய மண்சாடியில் கூரையைத் தொட்டு நின்றது. பனிக்காலத்தில் வீட்டிலிருந்த நல்ல கம்பளி மரத்துக்கு. பழையது மனைவி புஷ்பராணிக்கு.

அந்த மரத்தைத்தான் அவர் கர்த்தருக்கு நேர்ந்துவிட்டார். புஷ்பராணியின் முழங்கால் சத்திரசிகிச்சைக்கு முன், ஜெபக்கூட்டத்தில் எழுந்து, "இவ நல்லா நடந்தாவெண்டால் என்ரை கறிவேப்பிலை மரத்தைச் சபைக்குத் தாறன்" என்று பொருத்தனை பண்ணினார். சபை சொன்ன ஆமென் யாழ்ப்பாணத்துக்கே கேட்டிருக்கும்.

சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. ஞானசேகரம் போய் மரத்தடியில் நின்றார். மரம் போனால், "அங்கிள், ஒரு நெட்டு கறிவேப்பிலை தாங்கோ" என்று இனி யார் படியேறி வருவார்கள்? கன்றும் வளர்ந்தால் மரம்தானே என்று தன்னையே தேற்றிக்கொண்டு, கடையில் ஒரு கன்று வாங்கிப் போதகர் கபிலனிடம் கொடுத்தார். மரத்தைப் பின்வளவிலிருந்த கொட்டகைக்குப் பின்னால் இழுத்து மறைத்தார். சாடியின் அடித்துளை வழியாக நிலத்தில் இறங்கியிருந்த வேர், இழுத்த இழுப்பில் அறுந்தது. புஷ்பராணி கால்வலி தொடங்கியதிலிருந்து பின்வளவுப் பக்கம் போனதே இல்லை. அந்தத் தைரியம்.

ஆனால் கர்த்தர் கொடுத்த முழங்கால் நடக்கத்தானே செய்யும்? ஒரு காலை புஷ்பராணி பொல்லை ஊன்றிக்கொண்டு கொட்டகையைச் சுற்றி வந்தா.

"இஞ்சேருங்கோ, இது என்ன, போர்வை போத்திக்கொண்டு நிக்குது?"

"அது... குளிருக்கு."

"முழங்காலும் அவர் தந்தது, மரமும் அவர் தந்தது. நீங்கள் என்ன, நடுவிலை நிண்டு கொமிசன் அடிக்கிறியளோ?"

புஷ்பராணி சொல்லிவிட, போதகர் வந்தார். சிரிப்பை அடக்கத் தெரியாத மனிதர்.

"அண்ணை, இஸ்ரவேலர் காலத்திலையும் உங்களைப்போல ஆக்கள் இருந்திருக்கினம். அதுதான் மோசே சட்டமே போட்டவர். நேர்ந்த ஆட்டை மாத்தக்கூடாது. மாத்தினால் நேர்ந்ததும் கர்த்தருக்கு, மாத்தினதும் கர்த்தருக்கு."

"அப்ப கன்று?"

"அதுவும் எங்களுக்குத்தான்."

மரம் சபையின் வான் வண்டியில் ஏறியது. ஞானசேகரத்தின் முகம் போன போக்கைப் பார்த்து அயல்வீட்டு நாயே குரைப்பதை நிறுத்தியது. அதன்பிறகு சொதிக்கு இலை வேண்டுமென்றால் அவர் சபைக் குசினிப் பக்கம் போய், தன் மரத்திலேயே கேட்டு முறிக்க வேண்டியதாயிற்று. அங்கே இலைக்கு வந்து நிற்பவர்களோடு கதைத்துவிட்டுத் திரும்ப மத்தியானமாகிவிடும். முந்தி வீடு தேடி வந்தவர்களைவிட இங்கே ஆட்கள் அதிகம் என்பதை மட்டும் அவர் வீட்டில் சொல்லவில்லை.

வசந்தம் தொடங்கி, இரவுக் குளிர் இன்னும் விடாத ஒரு நாள் புஷ்பராணி பின்வளவிலிருந்து கூப்பிட்டா. சாடி முன்பு இருந்த இடத்தில், அறுந்த வேரிலிருந்து மூன்று நான்கு தளிர்கள். ஞானசேகரம் குந்தியிருந்து தொட்டுப் பார்த்தார், விரலை முகர்ந்தார்.

"அவ்வளவையும் குடுத்திட்டன் எண்டு நினைச்சன்" என்றார்.

"கர்த்தர் உங்களுக்கு வைச்சிட்டுத்தான் எடுத்தவர். இதையும் நேர்ந்து விடுவமோ?"

"நேராமல் இருந்தால் குற்றமில்லை எண்டும் மோசே சொல்லியிருக்கிறாராம். போதகரிட்டைக் கேட்டுப்போட்டன்."

தளிருக்குப் போர்த்த நல்ல கம்பளியை எடுக்க உள்ளே போனவர், அது புஷ்பராணியின் கட்டிலில் கிடப்பதைக் கண்டு, பழையதை எடுத்துக்கொண்டு வந்தார்.