பல் தேய்ந்த சக்கரம்

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி மெக்கானிக் காலையிலிருந்து ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார். நடுவில் இருப்பது ஒரே ஒரு கதவு. தண்ணீர் குடிக்கப் போவார், குடிக்காமலே திரும்புவார். ஸ்பானர் எடுக்க வருவார், எதற்கு வந்தோம் என்று முழித்துக்கொண்டு நிற்பார். உள்ளே மனைவி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். இவர் தலை தெரிந்தால் போதும், மூடியைச் சாத்திவிடுவாள்.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை. பதவி உயர்வு கொடுத்து வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். நாளைக் காலை கிளம்ப வேண்டும், காரில் போனால் அரை நாள் வழி. உத்தரவு வந்த அன்றே கேட்டாள், "நீங்களும் வரீங்களா?" என்று. "பாக்கலாம்" என்றார். அதற்குப் பிறகு அவள் கேட்கவுமில்லை, இவர் பார்க்கவுமில்லை.

ஷெட்டைப் பார்த்துக்கொள்ள அண்ணன் இருக்கிறார். "போடா, நான் இருக்கேன்" என்று வாய்விட்டே சொல்லியும் ஆயிற்று. ஆனால் பெண்டாட்டி பின்னாலேயே பெட்டி தூக்கிக்கொண்டு போனான் என்று நாலு பேர் பேசுவார்களே என்று இவருக்குப் பாதி பயம். அவள் கேட்டதே ஒப்புக்குத்தானோ என்பது மீதி பயம். தூக்கத்தைக் கெடுத்தது அந்த மீதிதான்.

காரும் அவளுடையதுதான். பல மாதமாக அது ஒழுங்காக ஸ்டார்ட் ஆவதில்லை. சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் கர்ரென்று பல்லைக் கடிக்கும். உடனே வாசலிலிருந்து "ஏங்க" என்று குரல் வரும். இவர் கையைத் துடைத்துக்கொண்டே ஓடுவார். கியரில் போடச் சொல்லிப் பின்னாலிருந்து ஒரு சாண் தள்ளுவார். அடுத்த திருப்பில் வண்டி உறுமும். "ஊர் வண்டியெல்லாம் உங்க கையில பறக்குது. என் வண்டிக்கு மட்டும் தினமும் தள்ளுதானா?" என்பாள். அதற்கும் பாக்கலாம்தான்.

ஒருவழியாக இன்றைக்குத்தான் பார்த்தார். அண்ணனும் அவருமாக கியர்பாக்ஸை இறக்கி, எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிற பல் சக்கரமான பழைய ஃப்ளைவீலைக் கழற்றி மேஜைமேல் சாய்த்து வைத்தார்கள். அண்ணன் சாப்பிடப் போன நேரத்தில் அவள் வந்து நின்றாள்.

"இதுதான் அந்த ஆளா?"

"இதேதான். இந்தப் பல்லைப் பாரு. எஞ்சின் அணையும்போது கண்ட இடத்துல நிக்காது. இங்க நிக்கும், இல்லேன்னா இதுக்கு நேர் எதிர்ல நிக்கும். மறுபடி சாவி போட்டா செல்ஃப் அதே பல்லுல வந்துதான் இடிக்கும். மத்த பல்லெல்லாம் புதுசாட்டம் இருக்கு பாரு."

அவள் மழுங்கிய பற்களை விரலால் தடவினாள். "நம்ம சண்டை மாதிரி. எங்க ஆரம்பிச்சாலும் அதே இடத்துலதான் வந்து நிக்குது."

இவர் சக்கரத்தை மறுபக்கம் திருப்பி வைத்தார்.

"பல்லை மட்டும் மாத்தினா போதாதா?"

"சக்கரத்தோட முகமும் போச்சு. சூட்டுல வெடிப்பு விட்டிருக்கு. கிளட்ச் தட்டு இதுமேலதான் அழுந்தி உக்காரணும்."

"இவ்வளவு தெரிஞ்சவர் அப்பவே மாத்தியிருக்கலாமே?"

இவர் துணியைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டார். துணி தோளில்தான் கிடந்தது.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இவர் பதறினார். புது ஃப்ளைவீலை ஏற்றி, புது போல்ட்டுகளை எதிரெதிராக முறுக்கி, அதன் முகத்தைத் துடைத்துச் சுத்தமாகத்தான் செய்தார். ஆனால் அதன்மேல் கிளட்ச் தட்டை வைக்கும்போது காது முழுவதும் உள்ளே பெட்டி நகரும் சத்தத்தில் இருந்தது. அண்ணன் வந்ததும் கியர்பாக்ஸை மேலே ஏற்றிப் பூட்டினார்கள். சாவியைத் திருப்பியதும் வண்டி ஸ்டார்ட் ஆனது. கிளட்சை மிதித்து கியர் போட்டால், பன்றி அலறுவது போல ஒரு சத்தம். கியர் விழவே இல்லை.

"என்னடா, தட்டைத் திருப்பிப் போட்டுட்டியா?" என்று அண்ணன் வேடிக்கையாகத்தான் கேட்டார். தம்பியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. கத்துக்குட்டி செய்கிற தப்பு. எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்று தட்டிலேயே பொறித்திருக்கும்.

அவள் கதவருகே நின்றிருந்தாள். "வேணும்னே பண்ணீங்களா?"

"இல்ல." பிறகு, "தெரியல" என்றார். அண்ணன் ஜாக்கியைத் தேடுவது போல வெளியே போய்விட்டார். "சத்தியமா தெரியல. போகாதேன்னு சொல்ல வாய் வரல. நானும் வரேன்னு சொல்லவும் வரல. கை என்ன நெனச்சுதோ."

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். "கை என்ன வேணா நெனைக்கட்டும். முதல்ல சரியா மாட்டுங்க. என்னால நடுவழியில நிக்க முடியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுபடி இறக்கினார்கள். மறுபடி ஏற்றினார்கள். இருட்டுவதற்குள் கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல விழுந்தது. அண்ணன் முதுகில் தட்டினார். இவருக்கு அழுகைதான் வந்தது.

காலையில் பெட்டியை அவளே தூக்கிப் போய் டிக்கியில் வைத்தாள். இவர் வாசலுக்குப் போகவில்லை. ஷெட்டுக்குள் நின்று, அடுக்கி வைத்த ஸ்பானர்களைக் கலைத்து மறுபடி அடுக்கினார். ஒரே திருப்பு. வண்டி ஸ்டார்ட் ஆனது. இத்தனை மாதம் அந்தச் சக்கரத்தை மாற்றாமல் தள்ளிப்போட்டதே இதற்குத்தான். வண்டி தானாக ஸ்டார்ட் ஆகிவிட்டால் அவள் எதற்குக் கூப்பிடப் போகிறாள்?

எஞ்சின் அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் ஆனது. மறுபடி அணைந்தது.

"ஏங்க."

அழுக்கே இல்லாத கையைத் துடைத்துக்கொண்டு ஓடினார். "என்ன, ஸ்டார்ட் ஆகலையா?"

"அதெல்லாம் ஜோரா ஆகுது." எட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். "ஏறுங்க."

"திடீர்னு சொன்னா எப்படி? மாத்துத் துணிகூட எடுத்து வைக்கலையே."

"உங்க சட்டையெல்லாம் நேத்தே பெட்டியில வச்சாச்சு" என்றாள்.